தீவுக்குக் கொடுத்த சனிக்கிழமை

ஜனவரி 9

அன்புள்ள பெரியவளுக்கு உன் பாட்டி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். முழங்கால் வலி மட்டும் கூடப் பிறந்தது போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் சுகத்தை எழுது.

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டான். சின்னவளுக்கு நர்ஸ் படிப்பில் ஊசி போடுவதில் முதலிடம். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன், ரப்பர் பொம்மைக்காம். "பொம்மை அழலைன்னு பரிசு குடுத்தாங்களா?" என்று உன் அப்பா கேட்கிறான். அவனுக்கு வாய் மட்டும் குறையவில்லை. உன் அத்தை மகனுக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கின பையனுக்குக் கால் நீளம், அதனால் அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே நீ. ரக்பி சங்கத்தில் பயணச் செயலாளர்! எதிர்வீட்டு டீச்சர் நேற்றுக் கேட்டார்கள்:

"உங்க பேத்தி ரக்பி ஆடுறாளா?"

"ஆடலை. நம்ம நாட்டு டீம் எந்த நாட்டோட ஆடணும், எந்த ஊர்ல, எந்தத் தேதியில ஆடணும்னு முடிவு பண்றவ அவதான்."

"ஓ, ரெஃப்ரியா?"

"அந்த ரெஃப்ரியை வரச் சொல்றதே அவதாங்க."

டீச்சர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலைப் பெருக்கப் போய்விட்டார்கள். அவர்கள் மகன் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறான் அல்லவா, அந்தப் பெருமையிலேயே இத்தனை நாள் ஓட்டினார்கள். இனி நடக்காது.

போனில் பேசலாமே என்று சொல்லாதே. போனில் பேசினால் வைத்ததும் காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் திரும்பத் திரும்பப் படிக்கலாம், டீச்சருக்கும் படித்துக் காட்டலாம். ஆகவே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவும், விஷயத்தைக் கொஞ்சம் பெருமையாகவும் எழுது.

உன் நலம் நாடும்
பாட்டி

பிப்ரவரி 20

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். நீங்களும் அப்பாவும் நலமாக இருக்கவேண்டும். இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் போன் அடித்துவிட்டது. கோபிக்காதீர்கள்.

இது தேதி பிடிக்கிற காலம். நம் பையன்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடுகிறார்கள். அந்தக் கிளப்புகள் ஜூலையில் சில வாரமும் நவம்பரில் சில வாரமும்தான் அவர்களை நாட்டுக்காக ஆட விடும். எல்லா நாட்டுக்கும் அதே வாரங்கள்தான், அதனால் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் அடிதடி. ஜூலை மூன்றாம் சனிக்கிழமை நம் அணி ஒரு சின்னத் தீவு நாட்டுக்குப் போய் ஆடுகிறது. அதை முடித்துவிட்டேன்.

அந்தத் தீவுச் சங்கத்தின் செயலாளர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம்மோடு ஆட ஒப்புக்கொண்ட ஒரு பெரிய நாடு கடைசி வாரத்தில் கைவிரித்தது. மைதானம் தயார், டிக்கெட் விற்றாகிவிட்டது, எதிரணி இல்லை. அப்போது இந்த எஞ்சின்காரர்தான் ஆளைத் திரட்டிக்கொண்டு ஓடி வந்தார். அடுத்த முறை நாங்கள் உங்கள் ஊருக்கு வருவோம் என்று விமான நிலையத்தில் அவர் கையைப் பிடித்துச் சொன்னவள் நான்.

மருந்தை மறக்காதீர்கள்.

அன்புடன்
பெரியவள்

மார்ச் 1

அன்புள்ள பெரியவளுக்கு,

பாட்டியின் ஆசிகள். கடிதம் வந்தது. தந்தியை விட ரெண்டு வரி கூட. பரவாயில்லை, வேலை பார்க்கிற பெண் அப்படித்தான். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே, அது காலுக்குத்தான் போகும்.

டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். எஞ்சின்காரர் பகுதியைப் படிக்கவில்லை. "உங்க பேத்தி பேசுறது யாரோட? வெளிநாட்டு அதிகாரிங்களோடயா?" என்று கேட்கிற ஆளிடம் படகு மெக்கானிக் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை கண்ணு. சம்பந்தம் பேசும்போது நமக்கு மேலே ஒரு படி உள்ள இடமாகத்தான் பார்ப்போம். நீ ஏன் வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய இடத்தோடு முடிக்கிறாய்? நன்றி காட்டவேண்டும் என்றால் ஒரு பெட்டி பிஸ்கட் அனுப்பினால் போதாதா? உலகச் சாம்பியன் என்று ஒரு நாடு இருக்கிறதாமே, ஆள் ஒவ்வொருவனும் அலமாரி அளவு இருப்பானாம், உன் அப்பா சொன்னான். அவர்களைக் கூப்பிடு. வந்தால் நானே மைதானத்துக்கு வந்து பார்ப்பேன். தோற்றாலும் பெரிய இடத்தில் தோற்றோம் என்று இருக்கும்.

அத்தை மகனுக்கு இந்தத் தடவையும் வெள்ளிதான். அதே நீளக்கால் பையன்.

உன்
பாட்டி

ஏப்ரல் 11

அன்புள்ள பாட்டிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

உங்கள் நாக்கில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை. சாம்பியன்களிடமிருந்து கேட்டுவிட்டார்கள். அவர்களோடு ஆட இருந்த நாட்டில் ஏதோ தகராறு, இடம் காலி. நம் ஊருக்கே வந்து ஆடுகிறோம் என்கிறார்கள். ஆனால் அதே ஜூலை மூன்றாம் சனிக்கிழமை.

சங்கத் தலைவர் சந்தோஷத்தில் குதிக்கிறார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. முதலில் நான் எஞ்சின்காரரிடம் என் வாயால் பேசவேண்டும், அதற்கு இரண்டு வாரம் பொறுங்கள் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அதுவரை இது வெளியே போகக்கூடாது. யாரிடமும் சொல்லவேண்டாம் பாட்டி.

அவசரத்தில்
பெரியவள்

ஏப்ரல் 18

என் தங்கமே,

பாட்டி சுகம். இதனுடன் இருக்கும் பத்திரிகைத் துண்டைப் பார்! ‘உலகச் சாம்பியன்கள் வருகிறார்கள், தீவுப் பயணம் ரத்து’ என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். நீயே எனக்கு எழுதினபோது முடிவாகவில்லை என்றாய், அதற்குள் முடித்துவிட்டாயே, கெட்டிக்காரி!

நான் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சரிடம் மட்டும் சொன்னேன், அதுவும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லித்தான் சொன்னேன். "சேச்சே, நான் ஏன் சொல்றேன்?" என்றார்கள். மறுநாள் அவர்கள் மகன் இரண்டு தடவை போன் செய்து என் முழங்காலை விசாரித்தான். நல்ல பிள்ளை. அடுத்த நாள் பத்திரிகையில் வந்துவிட்டது, அவன் பெயர் போட்டு. ஆக எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். தையற்காரி ரவிக்கைக்குக் கூலி வாங்கமாட்டேன் என்றாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள், அது வேறு. பத்திரிகை மூன்று வாங்கினேன். ஒன்று உனக்கு, ஒன்று அத்தைக்கு, ஒன்றைக் கடிகாரத்துக்குக் கீழே சுவரில் ஒட்டியிருக்கிறேன். உன் பெயர் போடவில்லை, ‘சங்க வட்டாரம்’ என்று போட்டிருக்கிறான். அது நீதான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்தத் தீவுக்காரர்கள் ஏமாந்திருப்பார்கள், பாவம்தான். அடுத்த வருடம் போனால் போகிறது.

பெருமையில் ஒரு அங்குலம் வளர்ந்துபோன
உன் பாட்டி

ஏப்ரல் 26

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்காலுக்குச் சூடான நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? பத்திரிகைத் துண்டு வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது அலுவலகத்தில் சீருடை அறையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். கட்டடத்தின் அடித்தளத்தில், சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் தலைக்கு மேலே, தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். நடையை வைத்தே தலைவர் வருகிறாரா, கணக்குப்பிள்ளை வருகிறாரா என்று சொல்லிவிடுவேன். முன்வரிசை ஆட்டக்காரனின் சட்டை ஒன்றில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். சேற்றுக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் விட்டால் கறை அங்கேயே வீடு கட்டிக்கொள்ளும். இந்த வித்தையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றது.

எஞ்சின்காரர் போன் செய்தார். எப்போது பேசினாலும் பின்னால் ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும், பாதிச் சொல் காதில் விழாது. அன்று சத்தமே இல்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறார்.

"பேப்பர்ல பார்த்தேன்," என்றார்.

"நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"இருந்திருப்பீங்க, தெரியும். நிஜமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"இன்னும் முடிவாகலை."

"பசங்க வேலைக்கு லீவு போட்டாச்சு. வெளியில ஆடுறவங்களுக்கு கிளப் அனுமதி வாங்கியாச்சு. எங்களுக்கு இந்த வருஷம் இன்னொரு நாட்டோட இருக்கிறது இந்த ஒரே மேட்ச். இது போச்சுன்னா உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுல எங்களைச் சேர்த்துக்கவே மாட்டாங்க. இனிமே வேற யாரையும் பிடிக்க முடியாது. இதை நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

"வேண்டாம்."

"சரி, வேலை கிடக்கு," என்று வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் பாட்டி. திட்டுக்குப் பதில் சொல்லலாம்.

இங்கே மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. ஜன்னலில் தெரிகிற செருப்பெல்லாம் சேறு. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சின்னவளை இனி உயிருள்ளவர்களுக்கு ஊசி போடச் சொல்லுங்கள்.

அன்புடன்
பெரியவள்

மே 8

அன்புள்ள பெரியவளுக்கு,

பாட்டி எழுதுகிறேன். சுகம். ஒத்தடம் கொடுத்தேன், வலி அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்குப் போயிருக்கிறது.

உன் கடிதம் நீளமாக இருந்தது. நான் போட்ட கடிதத்துக்கு ஒரே வாரத்தில் பதிலும் வந்துவிட்டது. ஜனவரிக் கடிதத்துக்குப் பிப்ரவரி முடியப் பதில் போட்டவள் நீ. சந்தோஷம்தான். ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இத்தனை வரி எழுத உனக்கு எங்கிருந்து நேரம் வந்தது?

சீருடை அறையையும் பார்க்கிறேன் என்கிறாய். ‘ஐயும்’ என்றால் பழைய வேலையும் உண்டுதானே? டீச்சர் கேட்டார்கள், "இது பதவி உயர்வா?" என்று. ஆமாம், இரண்டு பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் மனசு சரியில்லை. அடித்தளத்துக்கு யாரையும் உயர்த்த மாட்டார்களே.

சாம்பியன் மேட்சுக்கு எனக்கும் டீச்சருக்கும் டிக்கெட் அனுப்பு. படிக்கட்டு அதிகம் இல்லாத இடமாக இருக்கட்டும். உன்னை டிவியில் காட்டுவார்கள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல உடையாகப் போடு.

கேட்டதற்குப் பதில் எழுது.

பாட்டி

மே 15

அன்புள்ள பாட்டிக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நலம். இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன். கீழ்வரிசை, கைப்பிடிக்குப் பக்கம், கழிப்பறைக்கும் கிட்டே.

ஒரு சமாசாரம். சீருடை அறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு முழு அடுக்குச் சட்டை கிடைத்தது. போன வருடம் விளம்பரக்காரர் மாறியதால் ஒதுக்கி வைத்தவை. நாட்டுச் சின்னம் அப்படியே இருக்கிறது, எண்களும் எல்லாம் இருக்கின்றன. இந்த வருடத்து அடுக்கு ஒன்று. ஆக, இரண்டு அணிக்கு உடை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு இரண்டு அடுக்கிலிருந்தும் ஒவ்வொரு சட்டை எடுத்துக்கொண்டு மேலே தலைவர் அறைக்குப் போனேன்.

"சார், ரெண்டு டீமுக்கும் சட்டை இருக்கு."

"எந்த ரெண்டு டீம்?"

"ஒண்ணு இங்க சாம்பியன்களோட ஆடட்டும். ஒண்ணு தீவுக்குப் போகட்டும். அதே சனிக்கிழமை."

"ஒரே நாள்ல ஒரு நாட்டுக்கு ரெண்டு டீமா? சர்க்கஸ் கம்பெனியா நடத்துறோம்?"

"கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல சார். தேடிப் பார்த்துட்டேன்."

"உங்களைச் சட்டை எண்ணச் சொன்னா சட்டம் எண்ணிட்டு வர்றீங்களா?"

கணக்குப்பிள்ளை சிரித்துவிட்டார். தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டாவது டீம் போனா அவங்களுக்கு அது கணக்குல வராது," என்றார்.

"வரும் சார். இதுவும் தேசிய அணிதான்னு நீங்க கையெழுத்துப் போட்டா வரும்."

என் அதிர்ஷ்டம், அன்று காலைதான் சாம்பியன்களின் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நாங்கள் வருவதால் ஒரு சின்ன அணி தெருவில் நின்றது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, அந்தப் பெயர் எங்களுக்கு வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள் என்று. தலைவர் அந்தக் கடிதத்தையும் என் சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் கூட்டிட்டுப் போறது? எனக்கு இங்க எல்லாரும் வேணும்."

"நான் போறேன். எப்படியும் துணி துவைக்க ஒரு ஆள் போகணுமே."

"சாம்பியன்கள் இந்த ஊர்ல இறங்குற அன்னைக்கு நீங்க இங்க இருக்கமாட்டீங்க. யோசிச்சுட்டீங்களா?"

யோசித்துவிட்டேன் என்றேன். பேனாவில் மை வரவில்லை. இரண்டு தடவை உதறிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆகவே டிவியில் நான் வரமாட்டேன் பாட்டி. தெருவில் எப்படியாவது சமாளித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
பெரியவள்

ஜூன் 20

பெரியவளுக்கு,

சுகம். உடனே பதில் போடாததற்கு முழங்கால் காரணம் இல்லை.

டீச்சர் மகன் ஊருக்கு வந்திருந்தான். வாசலில் பார்த்துப் பேசினேன். உன் நாற்காலியில் ஏப்ரலிலிருந்தே வேறொருவர் இருக்கிறார் என்றான். செய்தி எப்படி வெளியே போனது என்று தலைவர் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்பதையும் சொன்னான். "‘நான்தான் சொன்னேன்’னு சொல்லிட்டு மேல எதுவும் பேசலையாம்," என்றான். யாரிடம் சொன்னாள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடிகாரத்துக்குக் கீழே ஒட்டியதைக் கிழித்துவிட்டேன். பசை அதிகம், சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பும் வந்துவிட்டது. உன் அப்பா என்ன என்று கேட்டான், ஈரம் என்றேன்.

இனி உன் கடிதத்தை நான் மட்டும் படிப்பேன்.

தீவுக்குப் போகும்போது கம்பளிச் சட்டை எடுத்துப்போ. சுற்றிலும் தண்ணீர் உள்ள இடம்.

பாட்டி

ஜூலை 21

அன்புள்ள பாட்டிக்கு,

தீவிலிருந்து எழுதுகிறேன். நான் நலம், கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன். உங்கள் நலத்தை அப்பா போனில் சொன்னார். டீச்சரோடு நீங்கள் பேசுவதில்லை என்றும் சொன்னார்.

வேண்டாம் பாட்டி. எதிரெதிர் வீடு. கதவைத் திறந்தால் முகம். நீங்கள் யாரோ ஒருவரிடம் உங்கள் பேத்தியைப் பற்றிச் சொன்னீர்கள், அவ்வளவுதான். இன்னொன்றும் கேளுங்கள். அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால் நான் எஞ்சின்காரரிடம் மெல்லப் பேசி, வருத்தம் சொல்லி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முடித்திருப்பேன். அவரும் சரி என்றிருப்பார். எனக்குப் பேச வரும். பேசிப் பேசியே கைவிட்டிருப்பேன், என் நாற்காலியும் என்னிடமே இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மைதானம் கடலை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் ஓங்கி உதைத்தால் பந்து தண்ணீருக்குப் போகும், எடுத்து வர ஒரு படகு நிற்கிறது. காற்று எந்நேரமும் ஒரே பக்கமாக அடிக்கிறது. நம் பையன்களில் பலருக்கு நாட்டுச் சட்டை போடுவது இதுதான் முதல் தடவை. பெட்டியைத் திறந்து ஒவ்வொருவன் கையிலும் நான் கொடுத்தேன். ஒருவன் போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அளவு சரியில்லையா?" என்று கேட்டேன். "இல்லக்கா, ஒரு நிமிஷம்," என்றான்.

நாம் தோற்றோம். கடைசி உதை வரை சமமாக இருந்தது, அவர்கள் உதைத்த அந்தப் பந்து கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது. அவர்களுடைய பயிற்சியாளர் தரையில் உட்கார்ந்து அழுதார். நம் கேப்டன் போய் அவரைத் தூக்கி நிறுத்தினான். ஆட்டம் கணக்கில் ஏறிவிட்டது. தகுதிச் சுற்றுக்கு அவர்கள் பெயர் போயாயிற்று.

மாலையில் நான் கொல்லைப்புறக் குழாயடியில் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தேன். எஞ்சின்காரர் வந்து பக்கத்துத் தொட்டியில் கையைக் கழுவினார். எண்ணெய்க் கறை, போகவில்லை.

"அப்ப இனிமே எங்க முறை. நாங்க எப்ப வரட்டும்?" என்றார்.

"என்னைக் கேட்காதீங்க. நான் இப்ப சட்டை துவைக்கிறவ."

"நான் எப்பவுமே எஞ்சின் பார்க்கிறவன்தான். போன தடவை நம்ம ரெண்டு பேரும் பேசித்தானே இது நடந்துச்சு?"

இரண்டு பேரும் சிரித்தோம். தேதி எதுவும் சொல்லவில்லை. இந்தத் தடவை என் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் பிழிந்த சட்டைகளைக் கொடியில் போட அவர்தான் கூட நின்றார்.

திரும்பி வந்ததும் அதே அடித்தள அறைதான். அங்கிருந்து நீளமான கடிதமாகப் போடுகிறேன்.

அன்புடன்
பெரியவள்

ஆகஸ்ட் 4

என் கண்ணான பெரியவளுக்கு,

பாட்டியின் அன்பும் ஆசியும். நாங்கள் சுகம். நீ ஊர் திரும்பி, அலுப்புத் தீரத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

டீச்சரோடு பேசிவிட்டேன். டிக்கெட் இரண்டு இருக்கிறதே, ஒன்றை வீணாக்க மனசு வரவில்லை. கதவைத் தட்டி, "வர்றீங்களா?" என்றேன். "வர்றேன்," என்றார்கள். அவ்வளவுதான் சமாதானம். பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டார்கள், அதுவே பெரிது.

சாம்பியன்களைப் பார்த்தேன். அலமாரி என்று உன் அப்பா சொன்னது பொய், அலமாரிக்காவது கதவு இருக்கும். நம் பையன்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்து மறுபடி விழுந்தார்கள். பந்து நம் பையன்கள் கையில் இருந்த நேரத்தில் நான் ஒரு தும்மல்தான் போட்டிருக்கலாம். ஸ்கோர் பலகையில் அவர்கள் எண் ஏற ஏற டீச்சர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. பெரிய இடத்தில் தோற்றால் நன்றாக இருக்கும் என்று எழுதினேனே, பார்க்க அப்படி ஒன்றும் நன்றாக இல்லை. முட்டி மோதுகிற கூட்டத்துக்கு அடியில் எப்போதும் மாட்டிக்கொண்ட ஒரு பையனை மட்டும் எனக்குப் பிடித்தது. கடைசி வரை எழுந்துகொண்டே இருந்தான்.

பக்கத்து இருக்கையில் ஒரு ஆள், கொடியெல்லாம் வைத்துக்கொண்டு. "உங்க வீட்டுப் பையன் யாராவது ஆடுறானாம்மா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "பின்ன இந்த வயசுல, இவ்வளவு தூரம்?" என்றான். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டு வந்தவள். எவ்வளவு நேரம் தாங்கும்?

"தம்பி, இன்னைக்கு நம்ம நாடு ரெண்டு இடத்துல ஆடுது, தெரியுமா? இங்க ஒண்ணு, ஒரு தீவுல ஒண்ணு. என் பேத்தி அங்க இருக்கா."

"அங்க என்ன பண்றாங்க? மேனேஜரா?"

"துணி துவைக்கிறா," என்றேன்.

அவன் சிரிக்கலாமா கூடாதா என்று பார்த்தான். டீச்சர் விழித்துக்கொண்டார்கள். நான் அவனிடம் முழுசாகச் சொன்னேன். விமான நிலையத்தில் நீ வாக்குக் கொடுத்தது, ரெண்டு அடுக்குச் சட்டை, தலைவர் பேனாவை உதறினது, எல்லாம். படகு மெக்கானிக்கையும் சொன்னேன். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். பஸ்ஸில் வரும்போது பாதி வழியில், "அன்னைக்கு நான் என் மகன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது," என்றார்கள். "நான் உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது," என்றேன். அப்புறம் ரெண்டு பேரும் தூங்கினோம்.

உனக்கு நாற்காலி போனது எனக்கு வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அது எப்படிப் போனது என்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எழுதினால் கடிதம் நனைந்துவிடும், படிக்க உனக்குக் கஷ்டம். நீளமாக எழுது. எத்தனை நீளமாக இருந்தாலும் படிப்பேன், மனசுக்குள்ளேயே படிப்பேன்.

கடைசியாக ஒன்று. கடிகாரத்துக்குக் கீழே சுண்ணாம்பு பெயர்ந்த இடம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. அதை மறைக்க உன் புதுப் படம் ஒன்று வேண்டும். தீவில் எடுத்தது இருந்தால் அதுவே போதும். எஞ்சின்காரரும் பக்கத்தில் நிற்கட்டும், கையில் எண்ணெய் இருந்தால் இருக்கட்டும். பின்னால் கொடியில் அந்தச் சட்டைகள் தெரிந்தால் ரொம்ப நல்லது. நீ சிரிக்காமல் நில், சிரித்தால் உனக்குக் கண் காணாமல் போய்விடும். படத்துக்கு வாய் கிடையாது, அதனால் யார் வந்தாலும் தைரியமாகக் காட்டுவேன். கடிதத்துக்குள் மடித்து வைத்துவிடாதே, முகத்தில் கோடு விழும். ரெண்டு பக்கமும் அட்டை வைத்து, தனியாகத் தபாலில் போடு.

உன்
பாட்டி